நான்கெல்லைக்குக் கட்டம் போட்ட கதை

வக்கீல் தொழிலுக்கு வந்த மூன்றாவது வருஷம், ஒரு வாதியம்மாவின் வீட்டைத் தூக்கித் தெருவுக்கு எதிர்ச்சாரியில் வைத்துவிட்டேன். ஒரு செங்கலைக்கூடத் தொடவில்லை. பிராதின் (வழக்குப் போடும்போது வாதி தரப்பில் கோர்ட்டில் கொடுக்கும் மனுவின்) கடைசிப் பக்கத்தில் சொத்து விவரத்துக்கு ஒரு டேபிள் போட்டேன், அவ்வளவுதான். அதைச் சொல்வதற்கு முன்னால் டேபிள் போடும் ஆசை எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் மாதிரித்தான் தெரிவேன்.

திருநெல்வேலிப் பக்கம் சிவில் வழக்குகள் அதிகம் பார்க்கும் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தேன். அங்கே பிராது என்றால் ஒரே நடைதான். இரண்டாம் பக்கத்தில் 'மேற்படி தாவா சொத்தானது' என்று கிளம்பும் வாக்கியம், வாதியின் மாமனாரையும், அவர் எழுதிய செட்டில்மெண்ட்டையும், அதை ஒப்புக்கொண்ட பங்காளிகளையும், கட்டிய தீர்வையையும் ஏற்றிக்கொண்டு, நான்காம் பக்கத்தில் எங்கோ ஒரு 'படியாலும்' போட்டு இளைப்பாறிவிட்டு மறுபடியும் நடக்கும். ஒரு பிராதில் ஒரு நாள் சும்மா எண்ணிப் பார்த்தேன், ஒரே பத்தியில் பதினோரு 'மேற்படி'. எந்த மேற்படி எந்தப் படியைச் சொல்கிறது என்று எழுதியவருக்கே தெரிந்திருக்காது. எழுதியவர் நான்தான் என்பது வேறு விஷயம், பழைய பிராதை எடுத்துப் பெயரை மாற்றி எழுதினால் அப்படித்தான் வரும்.

சரி, அதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான். ஒரு ஐ.ஏ. (வழக்குக்கு நடுவில் போடும் இடைக்கால மனு) விசாரணையில் சீனியர் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டதால் நான் எழுந்து நிற்க வேண்டியதாகிவிட்டது. 'கிரயப் பத்திரத்தில் பாதையைப் பற்றி எங்கே சொல்லியிருக்கிறது?' என்று நீதிபதி கேட்டார். முந்தின நாள் இரவு படித்து வைத்திருந்த தெம்பில் 'பக்கம் 31, ஐயா' என்றேன். அவர் புரட்டினார். அவர் கையிலிருந்த வழக்குக் கட்டில் 31-ஆம் பக்கம் ஒரு தீர்வை ரசீது. 'எந்த 31?' என்றார். என் கட்டில் அட்டவணையை முதல் பக்கமாக எண்ணியிருந்தேன், கோர்ட் கட்டில் வக்காலத்தும் மற்றதும் சேர்ந்து எண்ணே வேறாகியிருந்தது, போதாததற்கு எதிர்த்தரப்புக்குக் கொடுத்த நகலில் ஜெராக்ஸ் கடைக்காரர் இரண்டு தாளை இடம் மாற்றித் தைத்திருந்தார். மூன்று பேர் மூன்று கட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது மணி ஒன்றாகிவிட்டது. வழக்கு இரண்டு வாரம் தள்ளிப்போனது. பாதை அடைத்துக் கிடக்கிற வீட்டுக்காரருக்கு இரண்டு வாரம் என்றால் என்ன என்று பக்கத்து வீட்டுச் சுவரேறிக் குதித்துப் போனவருக்குத்தான் தெரியும்.

அன்றைக்கு டீக்கடையில் எங்கள் குமாஸ்தா அண்ணாச்சி ஒரு விஷயம் சொன்னார். அவர் இருபது முப்பது வருஷமாகக் கட்டுத் தைக்கிறவர். 'தம்பி, வாசிக்கதுக்கு அவருக்கு வேற நேரம் இருக்கு. மேல உக்காந்திருக்கும்போது ஜட்ஜு தேடத்தான் செய்வாரு. அவரு கை எங்க போவும்னு பாத்து அங்க கொண்டு வையிங்க.' நான் சட்டக் கல்லூரியில் படித்த ஐந்து வருஷத்தில் எழுத்து நடையைப் பற்றிக் கேட்டதைவிட இந்த மூன்று வரி எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

முதலில் பக்க எண்ணைச் சரிசெய்தேன். இப்போதும் எங்கள் கட்டில் ஒரே ஒரு எண் வரிசைதான், முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை, வலப்பக்க மேல் மூலையில், கண்ணுக்குத் தெரிகிற அளவில். அட்டவணைக்கும் எண் உண்டு. பிடிஎஃப் எடுத்து இ-ஃபைலிங்கில் ஏற்றும்போது திரையில் காட்டும் எண்ணும் தாளில் அடித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி. நாலு நகலும் கையெழுத்துக்குப் பிறகு தனித்தனியாகப் புரட்டிப் பார்க்காமல் வெளியே போகாது. இது எழுதும்போது சில்லறை வேலை மாதிரி இருக்கிறது, ஆனால் நான் பார்த்தவரை வாய்தா போனதற்கு இந்தச் சில்லறை வேலை காரணமாக இருந்த நாட்கள் அதிகம்.

அப்புறம் பத்தி. ஒரு பத்தியில் ஒரு சங்கதி, அதற்கு ஒரு எண். இது என் கண்டுபிடிப்பு இல்லை, சிவில் நடைமுறைச் சட்டம் 1908-லிருந்தே பத்தி பிரித்து வரிசையாக எண் போடச் சொல்கிறது, கட்டளை 6 விதி 2. தேதி, தொகை, எண் எல்லாவற்றையும் இலக்கத்திலும் எழுத்திலும் எழுத வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. (இரண்டிலும் எழுதுகிறபோது இரண்டும் ஒத்துப்போகிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும். ரூ.3,50,000 என்று இலக்கத்திலும் 'முப்பத்தைந்தாயிரம்' என்று எழுத்திலும் இருந்த ஒரு புரோநோட்டு வழக்கைப் பார்த்திருக்கிறேன், நல்லவேளை எங்களுடையது இல்லை.) பத்தி எண்ணைக் கையால் அடிக்காமல் வேர்டின் தானியங்கி எண்ணிலேயே விடுங்கள், 'பத்தி 7-ல் சொன்னபடி' என்று எழுதுகிற இடத்தில் கிராஸ் ரெஃபரன்ஸ் போடுங்கள், பத்தி எண் மாறினால் அதையும் மாற்றிக் கொடுக்கும் வசதி அது. கடைசி நேரத்தில் சீனியர் நடுவில் ஒரு பத்தி சேர்ப்பார், அது எந்த ஆபீஸிலும் நடக்கும். அப்போது கையால் அடித்த ஏழு அப்படியே நிற்கும், சங்கதி எட்டுக்குப் போயிருக்கும்.

இதற்குள் எனக்கு வெறி பிடித்துவிட்டது. ஆங்கிலத்தில் இதைப் பற்றி எழுதியிருப்பதையெல்லாம் தேடிப் படித்தேன். உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் ஏ4 தாளுக்கு மாறியபோது அளவையெல்லாம் சொல்லிவிட்டது: டைம்ஸ் நியூ ரோமன் 14, வரி இடைவெளி ஒன்றரை, மேற்கோள் மட்டும் 12-ல் ஒற்றை இடைவெளி, இடமும் வலமும் 4 செ.மீ., மேலும் கீழும் 2 செ.மீ., தாளின் இரண்டு பக்கமும் அச்சு. வலப்பக்கம் எதற்கு 4 செ.மீ. என்று நான் யோசித்தபோது அண்ணாச்சி கோணி ஊசியைக் காட்டிச் சிரித்தார். இரண்டு பக்கமும் அச்சடித்தால் தையல் முன்பக்கத்தில் இடப்புறமும் பின்பக்கத்தில் வலப்புறமும் விழும், மார்ஜின் இல்லாவிட்டால் வரியின் கடைசி எழுத்து நூலுக்குள் போய்விடும். அதையே மனதில் வைத்துத்தான் அந்த அளவைப் போட்டார்களா என்று தெரியாது, கட்டுத் தைக்கிறவருக்கு அது போதுமான காரணம்.

ஆனால் அந்த அளவை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் சரிப்படாது. நான் செய்து பார்த்தேன். லதா எழுத்துருவில் 12 போட்டாலே ஆங்கில 14-க்கு மேல் தெரியும், 14 போட்டால் பாலர் பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிடும். தடித்த எழுத்தில் ண, ஐ, ஜ எல்லாம் சின்ன அளவில் உள்ளே அடைத்துக்கொண்டு மை கொட்டின மாதிரி ஆகும், அதனால் தடிமன் தலைப்புக்கு மட்டும். அடிக்கோடு வேண்டவே வேண்டாம். மு, மூ, து, கூ என்று நம் எழுத்தில் பாதிக்கு வால் கீழே இறங்குகிறது, கோடு அந்த வாலை வெட்டிக்கொண்டு போகும், குறிலா நெடிலா என்று ஜெராக்ஸில் தெரியாது. டைப்ரைட்டர் காலத்தில் அழுத்திச் சொல்ல வேறு வழியில்லை, கோடு போட்டார்கள். என் சீனியர் இன்னும் கோடு கேட்கிறார். இதில் நான் அவரை ஜெயித்ததில்லை.

இரண்டு ஓரமும் நேராக இருக்க வேண்டும் என்று ஜஸ்டிஃபை செய்வதும் அப்படித்தான். 'பாத்தியப்பட்டிருந்துவருகிறபடியாலும்' மாதிரி ஒரு சொல் வரியில் இடம் போதாமல் கீழே இறங்கினால், மேல் வரியில் மிச்சமிருக்கும் மூன்று சொல்லுக்கு நடுவே வெற்றிடம் ஆறு மாதிரி ஓடும். தமிழ்ச் சொல்லை வேர்ட் தானாகச் சரியான இடத்தில் ஒடிக்காது. இடப்பக்கம் மட்டும் நேராக இருந்தால் போதும், வலப்பக்கம் பல்வரிசை மாதிரி ஏறி இறங்கி இருப்பது கண்ணுக்கு நல்லதுதான், எந்த வரியில் இருக்கிறோம் என்று தெரியும். இன்னொன்று, 'சர்வே எண்' ஒரு வரியிலும் '142/3பி' அடுத்த வரியிலும் பிரிந்து நிற்கக்கூடாது. கன்ட்ரோலும் ஷிஃப்டும் சேர்த்துப் பிடித்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். 'ரூ.'க்கும் தொகைக்கும் நடுவிலும் இதையே செய்யலாம்.

இந்தச் சமயத்தில்தான் அந்த வாதியம்மா வந்தார். கணவர் இறந்துவிட்டார், தெருவோர வீடு, பக்கத்து வீட்டுக்காரர் வேலியை உள்ளே தள்ளிப் போட்டுவிட்டார். கிரயப் பத்திரம் பழையது, சொத்து விவரம் வழக்கம்போல ஒரே மூச்சு: 'தென்வடல் தெருவுக்கு மேற்கு, இன்னார் வீட்டுக்கு வடக்கு, பொதுப்பாதைக்குத் தெற்கு, ஓடைப் புறம்போக்குக்குக் கிழக்கு, இதற்குள் கிழமேல் அடி 42, தென்வடல் அடி 58' என்று ஆரம்பித்து மாவடை மரவடை வரை, அதாவது சொத்தில் நிற்கும் மரங்கள் வரை போகும். இதைவிட டேபிளுக்குத் தோதான ஒன்று உலகத்தில் உண்டா? நாலு திசை, நாலு எல்லை. அழகாக ஒரு கட்டம் போட்டேன். மேற்கு என்ற கட்டத்தில் தெரு. வடக்கு என்ற கட்டத்தில் இன்னார் வீடு. தெற்கில் பாதை, கிழக்கில் ஓடை.

பத்திரம் பார்த்துப் பழகியவர்களுக்கு இதற்குள் வயிற்றைக் கலக்கியிருக்கும். 'தெருவுக்கு மேற்கு' என்றால் சொத்து தெருவுக்கு மேற்கே இருக்கிறது என்று அர்த்தம். அதாவது தெரு சொத்தின் கிழக்கு எல்லை. நான் நாலையும் திருப்பிப் போட்டிருந்தேன். சீனியர் பிராதைப் படித்தார், டேபிளைப் பார்த்து 'நல்லாருக்கே' என்றார், மேலே போய்விட்டார். கட்டத்துக்குள் ஒரு விஷயம் உட்கார்ந்துவிட்டால் அதை யாரும் சந்தேகப்படுவதில்லை, அது ஒரு பெரிய ஆபத்து. அதே தப்பு வாக்கியமாக இருந்திருந்தால் அவர் கண் தடுக்கியிருக்கும்.

எதிர்த்தரப்பு எதிருரையில் ஒன்றும் சொல்லவில்லை, அவர்களும் கவனிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அட்வகேட் கமிஷனர், அதாவது இடத்தை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கக் கோர்ட் அனுப்பும் வக்கீல், போய் அளக்கிற அன்றுதான் வெளியே வந்தது. அவர் தெருவில் நின்றுகொண்டு பிராதின் நகலைக் கையில் வைத்துப் படித்தார், மேற்கே தெரு என்று போட்டிருக்கிறதே என்று தெருவுக்குக் கிழக்கே திரும்பினார். அங்கே சம்பந்தமே இல்லாத ஒருவரின் எருமைத் தொழுவம் இருந்தது. வாதியம்மா 'அய்யா, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்' என்று கையை ஆட்டிக்கொண்டிருக்க, எதிர்த்தரப்பு வக்கீல் முகத்தில் வந்த சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. கமிஷனர் பார்த்ததைப் பார்த்தபடி அறிக்கையில் எழுதினார். எழுதத்தான் செய்வார்.

கட்டளை 6 விதி 17-ன் கீழ் பிராதைத் திருத்த மனு. எதிர்த்தரப்பு இப்போது முழித்துக்கொண்டு, 'வாதி சொல்லும் சொத்தே ஸ்தலத்தில் இல்லை, இது வழக்கின் தன்மையையே மாற்றும் திருத்தம்' என்று ஆட்சேபம். மூலப்பத்திரம் கையில் இருந்ததாலும் விசாரணை ஆரம்பிக்காததாலும் செலவுத் தொகை கட்டச் சொல்லி மனுவை அனுமதித்தார்கள். செலவுத் தொகையை என் பாக்கெட்டிலிருந்து கட்டினேன், அந்த அம்மாவிடம் கேட்க எனக்கு முகம் இல்லை. மாதக்கணக்கில் போன நேரத்தைக் கட்ட முடியவில்லை.

டேபிளை விட்டுவிட்டேனா என்றால் இல்லை. இப்போது பத்திரத்தில் இருக்கும் சொற்களை ஒரு எழுத்து மாறாமல் முதலில் போடுகிறேன், அதற்குக் கீழே கட்டம். கட்டத்தின் தலைப்பு 'கிழக்கு' என்று மட்டும் இருக்காது, 'சொத்தின் கிழக்கில் இருப்பது' என்று இருக்கும். அதற்கும் கீழே கையால் போட்ட ஒரு வரைபடம், வடக்கு அம்புக்குறியோடு. ஒருவர் பத்திரத்தைச் சத்தமாக வாசிக்க, கட்டத்தைப் பார்க்காத இன்னொருவர் காதால் கேட்டு வரைய வேண்டும், வரைந்ததும் கட்டமும் ஒத்துப்போனால்தான் தாக்கல். அளவிலும் இதே மாதிரி ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பத்திரம் அடியிலோ சென்ட்டிலோ பேசும், பட்டா ஹெக்டேர் ஏர்ஸில் பேசும். 42-க்கு 58 என்றால் 2,436 சதுர அடி, ஐந்தரை சென்ட்டுக்குச் சற்று மேல், பட்டாவில் 2.26 ஏர்ஸ், அதாவது 226 சதுர மீட்டர் என்று இருக்கும். மூன்றையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால், நீதிபதி கால்குலேட்டர் எடுக்க வேண்டாம், எதிர்த்தரப்பும் 'அளவு முரண்' என்று ஒரு பத்தி எழுத முடியாது.

பாகப்பிரிவினை வழக்குகளில் வம்சாவளியை மூன்றாம் பத்திக்குள் கொண்டுவந்துவிட வேண்டும், படமாக. தாத்தா பெயரையே பேரனுக்கு வைக்கிற ஊர் நம்முடையது, ஒரே பெயரில் மூன்று தலைமுறை இருக்கும், நடுவில் ஒருவர் இறந்து அவருடைய வாரிசுகள் 9 முதல் 14 வரை பிரதிவாதிகளாக வந்து சேர்வார்கள். படத்தில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் எத்தனையாவது பிரதிவாதி என்று அடைப்புக்குறிக்குள் போடுங்கள், இறந்தவர்களுக்கு இறந்த தேதி. நான் பார்த்த நீதிபதிகளில் பாதிப் பேர் அந்தப் பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டுதான் மற்ற பக்கங்களைப் புரட்டுவார்கள். அந்தத் தாளில் வேறு எதுவும் அச்சடிக்காதீர்கள், முடிந்தால் பின்பக்கத்தையும் காலியாக விடுங்கள்.

பார்வையில்லாத வக்கீல் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஒரு வழக்கில் அவர் எதிர்த்தரப்பு. எங்கள் பிடிஎஃப்பை அனுப்பினேன், போன் போட்டார்: 'அண்ணே, வெத்துத் தாளா அனுப்பியிருக்கீங்க.' பிரிண்ட் எடுத்து, கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தேன், அவருடைய திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். சரி என்று வேர்ட் கோப்பையே அனுப்பினால் அது இன்னும் மோசம். எங்கள் ஆபீஸில் அப்போது பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடிக்கிற பழக்கம் இருந்தது. அதில் திரையில் 'தமிழ்' என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில விசை எழுத்துகள், திரைவாசிப்பான் அதை 'ஜே கே பி ஓ அரைப்புள்ளி' என்று வாசிக்கும். என் முப்பது பக்கப் பிராதையும் அவர் அப்படிக் கேட்டிருக்கிறார், அதுவும் கொஞ்ச நேரம் பொறுமையாக. யூனிகோடுக்கு மாறுவதற்கு அந்தப் போன் ஒன்று போதுமாக இருந்தது. மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் வழியாகப் பழைய கோப்புகளை மாற்றினால் கொக்கியும் கொம்பும் இடம் மாறும், சர்வே எண்ணின் உட்பிரிவு எழுத்துகள் காணாமல் போகும், அதனால் எண்கள் உள்ள வரிகளை மட்டுமாவது மூலத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். கையெழுத்துப் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து, மற்றதை வேர்டிலிருந்தே பிடிஎஃப் ஆக்கி இரண்டையும் சேர்ப்பது இப்போது எங்கள் வழக்கம்.

இதே விஷயத்தை உச்ச நீதிமன்றம் தீர்ப்புகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. 2022 ஆகஸ்டில் ஸ்டேட் பாங்க் எதிர் அஜய் குமார் சூட் வழக்கில், ஹிமாச்சல் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று படித்தால் புரியவில்லை என்பதற்காகவே அதைத் திருப்பி அனுப்பினார்கள். பத்தி எண் போடுங்கள், நீளமென்றால் பொருளடக்கம் வையுங்கள், வாட்டர்மார்க்கைத் தப்பான இடத்தில் போடாதீர்கள், அச்சடித்து ஸ்கேன் செய்து ஏற்றாதீர்கள், பார்வைக் குறைபாடு உள்ளவர்களால் படிக்க முடியாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. நீதிபதி சந்திரசூட், நீதிபதி போபண்ணா இருவரின் அமர்வு. நான் அதை அச்சடித்து சீனியர் மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு, 'தீர்ப்புக்குத்தானே சொல்லியிருக்கு' என்றார்.

அந்தத் திருத்தப்பட்ட சொத்து விவரம் தாக்கலாவதற்கு முதல் நாள் சாயங்காலம் வாதியம்மாவை வரச்சொன்னேன். முதல் தடவை பிராதில் கையெழுத்து வாங்கியபோது 'படிச்சுப் பாத்தாச்சாம்மா?' என்று கேட்டுவிட்டு அவர் பதில் சொல்வதற்குள் பேனாவை நீட்டியிருக்கிறேன், அது உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை தாளை அவர் கையிலேயே கொடுத்தேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டார். 'தெருவுக்கு மேற்கு' என்று வாசித்துவிட்டு, கிழக்கே கை நீட்டி, 'தெரு இங்க' என்றார். அப்படியே ஒவ்வொரு வரிக்கும் உடம்பைத் திருப்பினார், ஆபீஸ் பீரோ ஓடையாகவும் தண்ணீர்க் குடம் பக்கத்து வீடாகவும் ஆனது. நாலும் சரியாக வந்தது. உட்காரப் போனவர் மறுபடி தாளைப் பார்த்தார்.

'தம்பி, இதுல வேம்பு எங்க?'

பத்திரத்தின் கடைசியில் 'மாவடை மரவடை, வேம்பு 1' என்று இருந்திருக்கிறது. டேபிளில் அதற்கு ஒரு கட்டம் இல்லாததால் முதல் தடவையே அதை வெட்டிவிட்டேன் போலிருக்கிறது, திருத்தியபோதும் கண்ணில் படவில்லை. பிரச்சினையே அந்த மரத்துக்கு அந்தப் பக்கம் வேலி வந்ததுதான் என்று அவர் அப்போதுதான் சொன்னார். அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு சிஸ்டத்தில் உட்கார்ந்தார், கட்டத்துக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார், வேம்பு 1 (ஒன்று).